பெரிய பேரா, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தரும் ஆளா?

கேள்வி:

அக்கா, வணக்கம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜில் எல்.எல்.பி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். அப்பா கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து டர்பன் வந்தோம். எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது, குடியுரிமை இன்னும் வாங்கவில்லை. குடியுரிமை இல்லாமல் அட்டர்னி ஆக முடியாது என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அட்டர்னி ஆவதற்கு முன் செய்யும் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஸ் செய்ய இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று உம்லாங்காவில் பெரிய நிறுவனம், மாதம் 11,000 ராண்ட், முழுக்க வீடு மனை கைமாற்றும் கன்வேயன்சிங் பிரிவு. மற்றது வெருலத்தில் ஒரே ஒரு அட்டர்னி நடத்தும் அலுவலகம், 6,500 ராண்ட், கோர்ட் வேலை, இறந்தவர் சொத்தைப் பிரிக்கும் எஸ்டேட் வேலை, விவாகரத்து எல்லாம் வரும். அம்மா பெரிய இடத்துக்கே போ என்கிறார். இரண்டையும் விட்டுவிட்டு ஸ்கூல் ஃபார் லீகல் பிராக்டிஸ் என்ற வக்கீல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் ஒரு வருஷம் மிச்சம் என்கிறாள் தோழி. எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. கணக்கு என்றாலே பயம். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். 2014-ஆம் ஆண்டு லீகல் பிராக்டிஸ் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி தென்னாப்பிரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் அட்டர்னியாகச் சேரலாம். இரண்டும் இல்லாதவர்கள் தொடுத்த வழக்கில், அந்த வரம்பு செல்லும் என்று 2022-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்திதான் பாதியாக உன் தோழிகள் காதில் விழுந்திருக்கிறது. உனக்கு அது பொருந்தாது. வசிப்புரிமைச் சான்றிதழைப் போலீஸ் ஸ்டேஷனில் காட்டி, முத்திரை போட்ட நகல் நான்கைந்து எடுத்து வை. பயிற்சி ஒப்பந்தம் பதியும்போதும் தேவைப்படும், கடைசியில் அட்டர்னியாகச் சேர ஹைகோர்ட்டில் மனுப் போடும்போதும் தேவைப்படும்.

அடுத்தது, எந்த வழி என்பது. சட்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது. ஓர் அட்டர்னியிடம் இடைவெளி இல்லாமல் 24 மாதம் வேலை செய்து, அதற்குள்ளேயே 150 மணி நேரப் பாடத்திட்டத்தையும் முடிப்பது ஒன்று. 400 மணி நேரப் பாடத்திட்டத்தை ஸ்கூலில் முடித்து, அதற்கு முன்போ பின்போ 12 மாதம் மட்டும் அட்டர்னியிடம் வேலை செய்வது மற்றொன்று. ஸ்கூலுக்கு ஆறு மாதம் வரை போய்விடும். ஆகவே மிச்சமாவது அரை வருஷம்தான், உன் தோழி சொல்கிற மாதிரி ஒரு வருஷம் இல்லை. அந்த மாதங்களில் சம்பளம் வராது, மேற்கொண்டு ஃபீஸ் கட்ட வேண்டும்.

ஸ்கூலை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கே எழுதிப் போட்டும் ஆர்ட்டிகிள்ஸ் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. சொந்தக்காரர்களில் ஒரு வக்கீல்கூட இல்லாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே கிடைக்கும் பழக்கவழக்கமும் பெரிய துணை. ஆனால் உன் கையில் இரண்டு இடம் இருக்கிறது, வீட்டில் ஒருவர் சம்பாத்தியம்தான் என்பதும் உன் கடிதத்தில் தெரிகிறது. நீ 24 மாத வழியிலேயே போ. பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வழக்குகள் நடக்கும் வேகம். எதிராளி எதிர்த்து நிற்கும் ஒரு சிவில் வழக்கு சம்மனில் தொடங்கித் தீர்ப்பு வரை போவதை 12 மாதத்துக்குள் நீ பார்க்கப் போவதில்லை. ஓர் எஸ்டேட்டைக்கூடத் தொடங்கி முடிக்க முடியாது. எல்லா ஃபைலையும் நடுவில் வாங்கி நடுவில் விட்டுவிட்டு, படித்ததை எங்கேயும் முடித்துப் பார்க்காமல் அட்டர்னி ஆனவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை, நேரம் கொடுக்கப்படவில்லை.

இனி உம்லாங்காவா வெருலமா. என்னைக் கேட்டால், ஆர்ட்டிகிள்ஸில் முதலில் பார்க்க வேண்டியது உன் பிரின்சிபல், அதாவது உனக்குப் பயிற்சி தரும் அட்டர்னி, யார் என்பது. வாசல் பலகையில் எத்தனை பேர் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். இந்த இரண்டு வருஷம் உன் கையெழுத்துக்கு மதிப்பு வருவதற்கு முன்னால், நீ எழுதியதைத் தினமும் ஒருவர் படித்து, பேனாவால் அடித்து, ஏன் அடித்தேன் என்று சொல்ல வேண்டும். அது நடக்கும் இடமே நல்ல இடம்.

உம்லாங்கா வேலையை எடுத்துக்கொண்டால், கன்வேயன்சிங் நல்ல தொழில், சோறு போடும் தொழில். விற்பனை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் விற்பவர், வாங்குபவர் இருவரின் அடையாள ஆவணங்களை வாங்குவது, பழைய கடனுக்கு வங்கியிடம் பாக்கித் தொகை கேட்பது, எத்தெக்வினி நகராட்சியிடம் வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்குவது, வரித்துறைக்குச் சொத்து கைமாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் டியூட்டி கட்டி ரசீது எடுப்பது, எல்லாம் சேர்ந்ததும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பத்திரப் பதிவு நடக்கும் டீட்ஸ் ஆபீஸில் தாக்கல் செய்வது. இதை ஒழுங்காகக் கற்றவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கன்வேயன்சர் ஆவதற்குத் தனித் தேர்வு உண்டு, அட்டர்னியாகச் சேர்ந்த பிறகே அந்தப் பட்டம். அதாவது அந்த வேலையைக் கற்க உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. பெரிய பிரிவில் கேண்டிடேட்டாக, அதாவது பயிற்சி அட்டர்னியாக, சேர்ந்தால் மேலே சொன்ன சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் உன் கையில் வரும் ஆபத்தும் உண்டு. இரண்டு வருஷமும் நகராட்சிச் சான்றிதழுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முதல்முறையாக மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிற்கும்போது வயிறு கலங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வெருலத்தில் கோர்ட் இருக்கிறது. கேண்டிடேட் அட்டர்னிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பெரிய உரிமையே கோர்ட்டில் நிற்கும் உரிமைதான். ஒப்பந்தம் பதிந்ததும் பிரின்சிபலுக்குப் பதிலாக நீ மாவட்ட மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வாதாடலாம். ஒரு வருஷம் முடிந்ததும் அதற்கு மேலான ரீஜனல் கோர்ட்டிலும் நிற்கலாம். 2010-இலிருந்து விவாகரத்து வழக்குகளை ரீஜனல் கோர்ட்டும் விசாரிக்கிறது, ஆகவே உன் இரண்டாம் வருஷம் உனக்கு மிகவும் பயன்படும். ஜீவனாம்சம், குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவு, ஜாமீன், வாடகை பாக்கி என்று காலை ஒன்பது மணிக்கு ஒன்றன் பின் ஒன்றாக வரும். பாதி வழக்குகளில் எதிர்த் தரப்பு வராது, ஒத்திவைப்பு கேட்பார்கள், ஃபைல் காணாமல் போகும். இதையெல்லாம் சமாளிப்பதும் தொழில்தான், புத்தகத்தில் கிடையாது.

எஸ்டேட் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம் சனங்கள் நடுவே நீ வேலை செய்தால் இது அடிக்கடி வரும். ஓர் அம்மா வருகிறார் என்று வை. அறுபது வயசு தாண்டியவர். வீட்டுக்காரர் போய்விட்டார், உயில் இல்லை. கோயிலில் தாலி கட்டி நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள், ஆனால் ஹோம் அஃபேர்ஸ் என்ற அரசு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதியவே இல்லை. வீடு அவர் பேரில் மட்டும். ‘சட்டப்படி நீ மனைவியே இல்லை’ என்று யாரோ சொல்லிவிட, அழுதுகொண்டே வந்து உட்காருகிறார்.

முதலில் தண்ணீர் கொடுத்து, அவர் கதையை முழுதாகக் கேட்டு எழுது. எந்தக் கோயில், எந்த வருஷம், யார் கல்யாணத்தை நடத்தி வைத்தது, அன்று இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது யார், போட்டோ இருக்கிறதா, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பேர் என்ன, அவருக்கு வேறு மனைவி உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் டர்பன் ஹைகோர்ட், இப்படிப்பட்ட ஒரு வழக்கில், ஒருவனுக்கு ஒருத்தி என்று இந்து முறைப்படி நடந்த கல்யாணத்தில் உயிரோடு இருக்கும் மனைவியும் 1987-ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுச் சட்டத்தில் மனைவிதான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒரே மனைவி என்பது அந்தத் தீர்ப்பின் அஸ்திவாரம். அது நின்றால், அந்த அம்மாவுக்கு ஒரு பிள்ளையின் பங்குக்குச் சமமான பங்கு, அல்லது 2,50,000 ராண்ட், இரண்டில் எது அதிகமோ அது.

பிறகு காகிதம். மரண அறிவிப்புக்கு ஜே294, சொத்துப் பட்டியலுக்கு ஜே243, உறவுமுறைப் பிரமாணத்துக்கு ஜே192, பொறுப்பேற்புக்கு ஜே190. எஸ்டேட்டின் மதிப்பு 2,50,000 ராண்டுக்குக் கீழே என்றால் எஸ்டேட்டுகளை மேற்பார்க்கும் மாஸ்டர் ஆபீஸ் ஓர் அதிகாரக் கடிதம் கொடுத்துச் சுருக்கமாக முடித்துவிடும். அதற்கு மேலே என்றால் எஸ்டேட்டை நிர்வகிக்கும் எக்ஸிகியூட்டருக்கான கடிதம், கடன்காரர்களுக்கு அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் 30 நாள் விளம்பரம், பிறகு கணக்கு, அந்தக் கணக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி 21 நாள் திறந்து கிடப்பது, ஆட்சேபணை இல்லையென்றால் பங்கு பிரிப்பது. மாஸ்டர் ஆபீஸ் வரிசையில் காலையிலேயே போய் நின்று, ஒரு தேதி தப்பாகப் போட்டதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வந்து நிற்பதும் உண்டு. இப்படி ஒரே ஓர் எஸ்டேட் ஃபைலை ஆரம்பத்திலிருந்து கடைசிப் பங்கு வங்கியில் விழும் வரை நீயே தூக்கிச் சென்றால், அட்டர்னி தேர்வின் இரண்டாம் தாளில் உயிலும் எஸ்டேட்டும் உனக்குப் புதிதாகவே இருக்காது. அந்த அம்மா உன்னை மறக்கவும் மாட்டார்.

தேர்வு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு தாள். கோர்ட் நடைமுறை, உயிலும் எஸ்டேட்டும், அட்டர்னி தொழிலும் ஒப்பந்தமும் நடத்தை விதிகளும், கடைசியாகக் கணக்கு. ஒவ்வொன்றிலும் பாதி மார்க் வாங்க வேண்டும். எல்லோரும் விழுவது கணக்கில் என்றுதான் பேச்சு, நீயும் பயப்படுகிறாய். அதில் கணிதம் ஒன்றும் பெரிதாக இல்லை தங்கச்சி, கூட்டல் கழித்தல்தான். இந்தப் பணம் யாருடையது என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொண்டே இருக்கத் தெரிந்தால் போதும்.

இப்படிப் பார். ஒரு பெண் விவாகரத்து வழக்குக்காக 20,000 ராண்ட் முன்பணம் கட்டுகிறார். அது கட்சிக்காரர் பணத்தைத் தனியே வைக்கும் டிரஸ்ட் அக்கவுண்டுக்குப் போகிறது. அது இன்னும் அவர் பணம், அலுவலகத்தின் பணம் இல்லை. நீ வேலை செய்து 6,000 ராண்டுக்குப் பில் போடுகிறாய், 15 சதவீத வாட் சேர்த்து 6,900. பில் போட்டு அவர் கணக்கில் எழுதிய பிறகே அந்த 6,900 அலுவலகத்தின் பிசினஸ் அக்கவுண்டுக்கு மாறலாம். மீதி 13,100 இன்னும் அவருடையது. இப்போது யாரோ அவசரத்தில் அவருக்காக டிரஸ்டிலிருந்து 14,000 ராண்ட் கட்டிவிட்டால், கூடுதலாகப் போன 900 எங்கிருந்து வந்தது? வேறொரு கட்சிக்காரர் பணத்திலிருந்து. அந்த வேறொருவர் விபத்து நஷ்டஈட்டுக்காகக் காத்திருக்கும் கிழவராக இருக்கலாம். ஒருவர் கணக்கு ஒரு காசுகூடப் பற்றில் போகக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுதான். நம் தொழிலில் பேர் கெட்டு வெளியேற்றப்பட்டவர்களில் பலர் இந்தக் கணக்கில்தான் சறுக்கினார்கள். திருட நினைக்காமல், ‘அடுத்த வாரம் போட்டுவிடலாம்’ என்று எடுத்து ஆரம்பித்தவர்களும் அவர்களில் உண்டு. அதனால் எங்கே சேர்ந்தாலும் மாதக் கடைசியில் கணக்கு எழுதுபவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார். டிரஸ்ட் பட்டியலை வங்கி அறிக்கையோடு ஒப்பிடும்போது கூடவே நீயும் ஒரு தாளில் எழுதிப் பார். ஆறு மாதத்தில் பயம் போய்விடும்.

இன்னொரு பழக்கமும் முதல் நாளிலிருந்தே வேண்டும், அது கெடு நாள் டைரி. சாதாரணக் கடனுக்கு மூன்று வருஷத்தில் காலாவதி. அதுவும் சம்மனை எழுதி முடித்தால் போதாது, மூன்று வருஷத்துக்குள் எதிராளி கையில் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சம்மனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஷெரிஃபிடம் கொடுத்தேன், அவர் போனபோது வீடு பூட்டியிருந்தது என்றால் சட்டம் கேட்காது. அடித்துவிட்டு ஓடிய வண்டியால் அடிபட்டவர், விபத்து நஷ்டஈடு தரும் அரசு நிதியான ரோட் ஆக்ஸிடென்ட் ஃபண்டில் இரண்டு வருஷத்துக்குள் கோர வேண்டும். வண்டி யாருடையது என்று தெரிந்திருந்தால் மூன்று வருஷம். கட்சிக்காரர் உள்ளே வந்ததும் நீ கேட்கும் இரண்டாவது கேள்வி ‘எப்போது நடந்தது?’ என்பதாக இருக்கட்டும். அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் டைரி இருந்தாலும், உன் ஃபைல்களுக்கு உன் கையால் ஒன்று வைத்துக்கொள். கெடுவுக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு குறிப்பு, ஒரு மாதம் முன்னால் ஒரு குறிப்பு.

ஆக, என் மனசு வெருலத்தின் பக்கம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஒரே ஆள் அலுவலகத்தில், அந்த ஒரே ஆள் சரியில்லை என்றால் போக்கிடம் இல்லை. போய் உட்கார்ந்து பேசு, பேசும்போது தயங்காமல் கேள். தொடர்ந்து எத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறார்? கேண்டிடேட் வைத்துக்கொள்ளக் குறைந்தது மூன்று வருஷ அனுபவம் வேண்டும். கட்சிக்காரர் பணத்துக்குப் பாதுகாப்பான ஃபிடிலிட்டி ஃபண்டின் இந்த வருஷத்துச் சான்றிதழ் இருக்கிறதா? அது டிசம்பர் 31 வரைதான் செல்லும், அது இல்லாமல் யாரும் சொந்த அலுவலகம் நடத்தக் கூடாது. சுவரில் மாட்டியிருந்தால் நீ கேட்கவே வேண்டாம், பார்த்துக்கொள். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் அவர் பேர் நல்லபடியாக இருக்கிறதா என்று நீயே விசாரிக்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

முன்னால் அவரிடம் ஆர்ட்டிகிள்ஸ் செய்தவர்கள் யார் என்று கேட்டு, அதில் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேசு. அவர் கோபக்காரரா என்பதைக் காட்டிலும், எழுதியதைத் திருத்திக் கொடுத்தாரா, கோர்ட்டுக்குக் கூட்டிப் போனாரா, தேர்வுக்கு லீவு கொடுத்தாரா என்று கேள். அலுவலகத்தில் அவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள், சாயங்காலம் கதவு பூட்டும் நேரத்தில் யார் இருப்பார்கள் என்பதையும் கேள். ஒரு பெண் பிள்ளையாக உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அதுவும் பதில்தான். என்னிடம் வந்த கேண்டிடேட் ஒருத்தி, முன்பு இருந்த இடத்தில் எட்டு மாதம் அட்டர்னியின் பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூட்டி வரும் வேலை பார்த்திருந்தாள். ஒரு வழக்கு மனுகூட எழுதச் சொல்லித்தரவில்லை. அது பயிற்சியே இல்லை, அப்படிப்பட்டவரைத் தட்டிக் கேட்க உரிமை உண்டு.

அப்படி ஒன்று உனக்கு நேர்ந்தாலும் சிறை மாதிரி இரண்டு வருஷம் கிடக்க வேண்டியதில்லை. பயிற்சி ஒப்பந்தத்தை வேறொரு பிரின்சிபலிடம் மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் வழி உண்டு, மாற்றியதையும் கவுன்சிலில் பதிய வேண்டும். பதிவு என்பதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் பதிந்திருப்பார் என்று சும்மா இருக்காதே. கவுன்சிலின் பதிவு உறுதிக் கடிதத்தை உன் கையில் வாங்கி, சான்றிதழ்களோடு சேர்த்து வை. கடைசியில் மனுப் போடும் நேரத்தில் ஒப்பந்தம் பதியப்படவே இல்லை என்று தெரிந்து நிலைகுலைந்த பிள்ளைகள் உண்டு. ஆர்ட்டிகிள்ஸ் கொடுப்பதற்கு யாராவது உன்னிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு.

சம்பளம். மாதம் 4,500 ராண்ட் வித்தியாசம் உங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. கேட்டுப் பார். பாடத்திட்டக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் அலுவலகம் கட்டுமா, வெளியே அலையும் வேலைக்கு வண்டிச் செலவு தருவார்களா, இரண்டாம் வருஷம் ரீஜனல் கோர்ட்டில் நிற்க ஆரம்பித்ததும் சம்பளம் கூடுமா. மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. வாய்ச் சொல்லை வக்கீல் நம்பக் கூடாது. ஃபீனிக்ஸிலிருந்து வெருலம் பக்கம்தான், டாக்ஸிச் செலவும் உம்லாங்காவைப் போல ஆகாது என்று நினைக்கிறேன், கணக்குப் போட்டுப் பார்.

லைசென்ஸ் விஷயத்தில் என் கோபத்தை மறைக்க மாட்டேன். கேண்டிடேட் வேண்டும் என்று வரும் விளம்பரங்களில் சொந்தக் காரும் லைசென்ஸும் கட்டாயம் என்று போடுகிறார்கள். கார் வாங்கிக் கொடுக்க அப்பா அம்மாவுக்கு வசதி இருக்கிறதா என்பதை வைத்து யார் வக்கீல் ஆகலாம் என்று தீர்மானிப்பது எந்த ஊர் நியாயம்? இருந்தாலும் நடைமுறை இதுதான், ஷெரிஃப் ஆபீஸ், மாஸ்டர் ஆபீஸ், டீட்ஸ் ஆபீஸ் என்று ஓட வேண்டியிருக்கும். இந்த வாரமே லேர்னர்ஸ் தேர்வுக்குப் பதிந்துகொள். ‘இப்போது இல்லை, இத்தனை மாதத்தில் எடுத்துவிடுவேன்’ என்று பிரின்சிபலிடம் நேராகச் சொல்லிவிடு. உன்னை வேண்டும் என்று நினைப்பவர் காத்திருப்பார்.

ஜூலு மொழியையும் விடாதே. உங்கள் பல்கலைக்கழகத்தில் 2014-இலிருந்து எல்லோரும் அதைக் கொஞ்சமாவது படித்துத்தான் வெளியே வருகிறீர்கள். வெருலம் கோர்ட் வாசலில் நிற்பவர்களில் பலர் ஜூலுவில்தான் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் வருவதற்குள் நீ நலம் விசாரித்து நாலு வார்த்தை பேசினால், அவர் உன்னிடம் உண்மையைச் சொல்வார்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்பாய். கிளேர்வுட்டில் ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்த தமிழ்ப் பெண் நவி பிள்ளையைப் பற்றிச் சொல். தோல் நிறத்தைக் காரணம் காட்டி எந்த வக்கீல் நிறுவனமும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. 1967-இல் சொந்த அலுவலகம் திறந்தார், நட்டாலில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அப்படித் திறந்தது அதுதான் முதல்முறை. 1995-இல் ஹைகோர்ட் நீதிபதி, 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர். பெரிய நிறுவனத்தின் பேர் அவருக்குக் கிடைக்கவில்லை, வேலை தெரிந்திருந்தது. அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது, பாதுகாப்பும் சம்பளமும் பார்க்கிறார். வெருலத்துக்குப் போய்ப் பேசும் அன்று அவரையும் கூட்டிப் போ, வரவேற்பறையில் உட்காரட்டும். அலுவலகத்தின் முகத்தை அம்மாக்கள் நம்மைவிடச் சீக்கிரம் படித்துவிடுவார்கள்.

வெருலம் அட்டர்னி மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால், உம்லாங்காவுக்குப் போ, ஆனால் அங்கே ஒரு நிபந்தனை வை. இரண்டு வருஷத்தில் குறைந்தது எட்டு மாதம் வழக்குப் பிரிவிலோ எஸ்டேட் பிரிவிலோ மாற்றிப் போட வேண்டும், கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கேள். பெரிய இடங்களில் இப்படி மாற்றிப் போடும் வழக்கம் உண்டு, கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள். மறுத்தால் உன் படிப்புக்கு அங்கே என்ன இடம் என்று உனக்கே தெரிந்துவிடும்.

முடிவு சொல்லும் வரை இரண்டு இடத்துக்கும் மரியாதையாக ஒரு மெயில் போட்டு ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொள். யாரையும் தொங்கலில் விடாதே, இந்த ஊரில் எல்லா அட்டர்னிகளும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடும் முன் பேரையும் தொகையையும் மறைத்து எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்து எந்த வரியை மாற்றக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.